92 விநாடிகள் பொறுக்க முடியுமா?

மாலை ஆறரை மணி. ஒரு சிற்றூர் கிளினிக். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர் டோக்கனோடு காத்திருக்கிறார்கள். எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போகும் ஓர் அம்மாள், ஸ்டூலில் உட்கார்ந்தும் உட்காராமலும் தொடங்குகிறார். "ரெண்டு வாரமா தூக்கமே இல்லீங்க டாக்டர். போன மாசம் பேத்திக்குக் காதுகுத்து வெச்சோம். அதுக்கு அலைஞ்சதுல இருந்து…" பேச்சு அதற்கு மேல் நகராது. "சுகர் எப்போ பார்த்தீங்க? மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்ற கேள்விகள் குறுக்கே வந்து விழும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு அந்த அம்மாளும் எழுந்து வந்துவிடுவார். அலைந்ததற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாமலே போகும். படி ஏறும்போது மூச்சு முட்டியதோ, வீட்டில் ஏதும் மனத்தாங்கலோ, எதுவோ.

மருத்துவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வெளியே இருக்கும் முப்பது பேரின் நினைப்பும் அவரைத் துரத்துகிறது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரத்தைக் கணக்கிட்டது. சுவீடனில் 22.5 நிமிடம். இந்தியாவில் சுமார் 2 நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. நேரம் தாராளமாக இருக்கும் நாடுகளிலும் நோயாளி முழுதாகப் பேசி முடிப்பது அபூர்வம்தான். அமெரிக்காவில் 1984-ல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று தெரிந்தது. 2018-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் அது 11 விநாடியாகச் சுருங்கியிருந்தது.

ஏன் குறுக்கிடுகிறார்கள்? பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்ற பயம். இந்தப் பயம் நியாயமா என்று பார்க்க சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு சோதனை செய்தார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்ட மருத்துவர்கள், நோயாளி தானாக நிறுத்தும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்கள். நோயாளிக்குத் தெரியாமல் ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. 335 நோயாளிகள் பேசிய நேரத்தின் சராசரி 92 விநாடி! பத்தில் எட்டுப் பேர் 2 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். 5 நிமிடத்தைத் தாண்டியவர்கள் மொத்தமே 7 பேர். அவர்கள் சொன்னதும் தேவையான விஷயம்தான் என்று மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இந்த 92 விநாடியை நான் மருத்துவத்துக்கு வெளியேயும் எடுத்துப்போக விரும்புகிறேன். 'கொஞ்சம் மெதுவாக வாழ்ந்து பார்' என்று யார் சொன்னாலும் நம் பதில் தயாராக இருக்கிறது: நேரம் எங்கே இருக்கிறது? அந்தப் பதிலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவசரப்படுவதால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது? நிதானித்தால் எவ்வளவு நேரம் போய்விடும்? பெரும்பாலான இடங்களில் விடை விநாடிகளில் இருக்கிறது, மிஞ்சிப்போனால் நிமிடங்களில். அந்தச் சில்லறை நேரத்துக்காக நாம் விட்டுக்கொடுப்பவர்கள் நம் வீட்டு மனிதர்கள்.

மூன்று விநாடி

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வரவில்லை என்றால் அடுத்த மாணவரிடம் போய்விடுகிறார், அல்லது பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னார் ரோ. மாணவர்களின் பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. மந்தம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகள் தாமாகப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் வைத்திருந்த கருத்தே மாறியது. இதற்குப் புதுப் பாடத்திட்டமோ ஸ்மார்ட் போர்டோ தேவைப்படவில்லை. கூடுதலாக இரண்டு விநாடி போதுமானதாக இருந்தது.

நம் வீடுகளில் மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். "ஸ்கூல்ல இன்னைக்கு என்னடா நடந்துச்சு?" என்று அப்பா கேட்கிறார். "ஒண்ணுமில்லப்பா" என்கிறான் பையன். அப்பாவின் கண் போனுக்குத் திரும்பிவிடுகிறது. கேள்வி கேட்ட கடமை முடிந்தது. அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குப் பிறகு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தால் பையன் ஷூவின் லேஸை அவிழ்ப்பான், ஒரு சாக்ஸைக் கழற்றுவான், அடுத்த சாக்ஸைக் கையில் சுருட்டியபடி, "என் பெஞ்சுல இருக்கிறவன் இன்னைக்கு என்கூடப் பேசவே இல்லப்பா" என்பான். பிள்ளைகளின் முக்கியமான செய்திகள் முதல் பதிலில் வருவதில்லை. அப்பா எங்கேயும் போகப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது, போகிறபோக்கில் வெளியே வரும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் வராமலே நின்றுவிடும்.

பிள்ளைகளுக்காக 'தரமான நேரம்' ஒதுக்குகிறோம் என்று பெற்றோர் பலர் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், மால், சினிமா, ஐஸ்கிரீம். நல்லதுதான். ஆனால் குறித்து வைத்த நேரத்தில் மனம் திறக்கும் பழக்கம் குழந்தைக்குக் கிடையாது, பெரியவர்களுக்கும் கிடையாது. சாக்ஸ் கழற்றும் நேரத்தில் வரும் பேச்சுக்கு மாலில் வாங்கிக்கொடுக்கும் ஐஸ்கிரீம் ஈடாகாது.

கணவன் மனைவிக்கு இடையிலும் இதேதான். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன், ஏசி பெட்டி மேல புறா முட்டை வெச்சிருக்கு" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து மனைவி கூப்பிடுகிறார். கூப்பிட்டது புறாவுக்காக மட்டும் இல்லை. தம்பதிகளை ஆய்வகத்தில் தங்கவைத்துப் பல ஆண்டுகள் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், இப்படிப்பட்ட சின்னச் சின்ன அழைப்புகளைத்தான் எண்ணினார். புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அந்த அழைப்புகளுக்கு 86 சதவீதம் முகம் கொடுத்தவர்களாக இருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் முகம் கொடுத்தது 33 சதவீதம். எழுந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். "ம்… ம்…" என்று போனைப் பார்த்தபடி சொல்ல நேரமே ஆகாது. திருமணங்கள் பெரிய துரோகங்களால் உடைவதைப் பற்றித்தான் கதைகள் எழுதுகிறோம். இந்த 'ம்'களால் உடையும் திருமணங்கள் அதைவிட அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உதவப் போனவர்கள் தாண்டிப்போன மனிதன்

அவசரம் நம்மை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனையை நான் படித்ததில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்தது. முடிவுகள் 1973-ல் வெளியாயின.

மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் நல்ல சமாரியன் உவமையைப் பற்றிச் சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மதகுருவும் லேவியனும் கண்டுகொள்ளாமல் போக, சமாரியன் ஒருவன் நின்று காப்பாற்றும் அந்தக் கதைதான். மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு பற்றிய தலைப்பு. உரை பக்கத்துக் கட்டடத்தில். கிளம்பும்போது சிலரிடம், "இப்போதே நேரமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள்" என்றார்கள். சிலரிடம், "சரியான நேரம்தான், கிளம்புங்கள்" என்றார்கள். மீதிப் பேரிடம், "இன்னும் சில நிமிடம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம்" என்றார்கள். போகும் சந்தில் ஒரு மனிதர் வாசற்படியில் தலைகுனிந்து சரிந்து கிடந்தார். மாணவர் அருகே வரும்போது இருமினார், முனகினார். அவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள் என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். சரியான நேரத்தில் கிளம்பியவர்களில் 45 சதவீதம். அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் மட்டுமே. எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களில் சிலர், முனகிக் கிடந்த மனிதரைத் தாண்டி அடி எடுத்து வைத்துப் போனார்கள்.

இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பிறருக்குச் சேவை செய்வதையே வாழ்க்கையாகத் தேர்ந்தெடுத்த இளைஞர்கள். நிற்காமல் போனவர்களில் பலர் போய்ச் சேர்ந்தபோது பதற்றத்தோடு இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஏதோ அரித்திருக்கிறது. நல்ல மனிதராக இருப்பதற்கு நல்ல எண்ணம் மட்டும் போதாது, சில நிமிடம் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று இந்தச் சோதனை காட்டுகிறது. காலை எட்டரை மணிக்கு வீட்டில் எரிந்து விழும் நம்மில் பலர் மாலை எட்டரை மணிக்கு அதே வீட்டில் அன்பானவர்கள். நடுவில் குணம் மாறிவிடவில்லை. பஸ் போய்விடுமே என்ற பயம் மாலையில் இல்லை, அவ்வளவே.

பத்து கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம்

சாலையில் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். 10 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 10 நிமிடம் ஆகும். 80-ல் போனால் ஏழரை நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடம், அதுவும் வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாவிட்டால். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இரண்டரை நிமிடத்தை மிச்சம் பிடித்து நாம் என்ன செய்கிறோம்? வண்டியை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப் பார்க்கிறோம்.

10 நிமிட டெலிவரியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொத்தமல்லி பத்து நிமிடத்தில் வந்து சேர்வதில் வாடிக்கையாளருக்கு உள்ள வசதியை நான் மறுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் நம் அவசரம் இல்லை, நம் மறதி. அதன் ஆபத்தைச் சுமப்பவர் மழையில் ஒற்றைக் கையால் போனைப் பிடித்து வழி பார்த்தபடி வண்டி ஓட்டும் இன்னொருவர்.

மாவு பொங்கும்வரை

1986-ல் ரோம் நகரின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டுக்கு அருகே மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டபோது இத்தாலியர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கத் திரண்டார்கள். முழக்கத்தோடு அவர்கள் கொண்டுவந்தது பாஸ்தா. வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பரிமாறினார்கள். அந்த எதிர்ப்பிலிருந்து கார்லோ பெத்ரினி என்ற பத்திரிகையாளர் வளர்த்தெடுத்ததுதான் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம். 1989-ல் பாரிஸில் அதன் அறிக்கை கையெழுத்தானது. நத்தை அதன் சின்னம். பத்தாண்டு கழித்து, 1999-ல், இத்தாலியின் சில சிற்றூர்கள் சேர்ந்து 'சித்தாஸ்லோ' என்று தங்களை நிதான நகரங்களாக அறிவித்துக்கொண்டன. 50,000-க்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களே அதில் சேர முடியும். இத்தனைக்கும் அந்த உணவகம் மூடப்படவில்லை. மாறியது என்னவென்றால், மெதுவாகச் சமைப்பதும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் பிற்போக்கு இல்லை என்று சொல்லும் துணிவு பலருக்கு வந்தது.

நமக்கு இத்தாலிவரை போக வேண்டியதில்லை. நம் அடுக்களையில் அவசரத்துக்குப் பணியாத ஒரு பொருள் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் தனித்தனியே ஊற வேண்டும். கிரைண்டரில் உளுந்து பந்து போல எழும்பும்வரை தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். உப்புப் போட்டுக் கையால் கலக்கி மூடி வைத்துவிட்டால் அதற்கு மேல் நாம் செய்ய ஒன்றுமில்லை. இரவு முழுக்க வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை வெளிவிடும் வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது, அமிலம்தான் அந்த இளம்புளிப்பைத் தருகிறது. மார்கழிக் குளிரில் கூடுதலாகச் சில மணி நேரம் ஆகும். சமையல் சோடா போட்டு அரை மணியில் இட்லி வார்க்கலாம். உப்பியிருக்கும், ஆனால் அந்த வாசனை வராது. கடையில் மாவுப் பாக்கெட் வாங்குவதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஊறவைத்துக் காத்திருந்திருக்கிறார்.

வருத்தம் சாப்பிடும் விதத்தில்தான். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் நாலு இட்லியை விழுங்கிவிட்டு ஓடுபவருக்குத் தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது பஸ் ஏறிய பிறகே தெரியவரும். இரவு உணவாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, டி.வி.யை அணைத்துவிட்டு, கை காயும்வரை பேசிக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னமும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர்க்கதை தெரிந்திருக்கும், அப்பாவின் கடன் தெரிந்திருக்கும், அத்தைக்கும் சித்திக்கும் ஏன் பேச்சில்லை என்பதும் தெரிந்திருக்கும். குடும்பம் என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கற்கிறார்கள்.

சண்டை வந்தால் இன்னும் ஒரு 20 நிமிடமாவது தேவைப்படும். காட்மனின் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். தம்பதிகள் சூடாக வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போது, கருவியில் ஏதோ கோளாறு, சரிசெய்யும்வரை பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லி நிறுத்தினார்கள். அரை மணி நேரம் கழித்துத் தொடரச் சொன்னபோது வேறு இரண்டு பேர் பேசுவதைப் போல இருந்தது. இதயத் துடிப்பு இறங்கியிருந்தது, குரல் இறங்கியிருந்தது. நிமிடத்துக்கு 100 துடிப்பைத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனத்தில் ஏறாது என்கிறார் காட்மன். ஆனால் வாட்ஸ்அப்பில் நாம் சண்டை போடுவது சரியாக அந்த நிலையில்தான். நீல டிக் வந்துவிட்டது, இன்னும் பதில் இல்லையே என்று மேலும் இரண்டு வரி அனுப்புகிறோம். இன்லேண்ட் லெட்டர் காலத்தில் கோபமாக எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டிவரை எடுத்துப்போக வேண்டும், போகும் வழியில் கிழித்துப் போட்டவர்கள் ஏராளம். அனுப்பும் பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவே அந்தத் தெருவை நாமாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

யாருடைய நிதானம்?

இவ்வளவும் எழுதும்போது ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. 'நிதானமாக இருங்கள்' என்று யாரிடம் சொல்கிறோம்? காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் பால், நடுவில் பிள்ளைக்குச் சீருடை, மாமியாருக்கு மாத்திரை, மூன்று டிபன் பாக்ஸ் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதைப் போல ஓடி, எட்டே காலுக்கு அலுவலகப் பேருந்தைப் பிடிக்கும் பெண்ணிடமா? அவர் காபியை ஆறிய பிறகுதான் குடிக்கிறார், ஆனால் அது நிதானம் இல்லை.

2024-ல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் 3 மணி 21 நிமிடம். ஹாலில் ஒருவர் காபியோடு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஆற அமரப் படிக்க முடிகிறது என்றால், அந்த நேரம் அடுக்களையிலிருந்து எடுக்கப்பட்டது. நிதானத்தின் பயன்களைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் தன் வீட்டில் அது யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். மூச்சுப் பயிற்சியும் தியான வகுப்பும் அப்புறம். பாத்திரத்தை யார் கழுவுவது என்பது தீர்ந்தாலே பல வீடுகளில் காலை நேரம் அமைதியாகிவிடும். வேகத்தைத் தாமே தீர்மானிக்க முடியாத டிரைவர்களுக்கும், டார்கெட் வைத்து விரட்டப்படும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் யாரிடம் சொல்கிறோம் என்ற அந்தக் கேள்வி பொருந்தும். அவர்களுக்குத் தேவை அறிவுரை இல்லை, நியாயமான வேலை நேரம்.

நிதானம் என்றால் சோம்பல் என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. இதற்குச் சங்கீதத்தில் விடை உண்டு. பாட்டு கற்கும் குழந்தை சரளி வரிசையை முதலில் முதல் காலத்தில்தான் பாடுகிறது. அது நிலைத்த பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம். தேர்ந்த வித்வான்களைக் கேட்டால், விரைவு காலத்தைவிட விளம்ப காலத்தில் தாளம் பிசகாமல் நிற்பது கடினம் என்பார்கள். ஒரு அட்சரத்துக்கும் அடுத்த அட்சரத்துக்கும் நடுவே உள்ள இடத்தை மனத்தாலேயே அளந்து நிரப்ப வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. பாலக்காட்டு மஞ்சப்பராவில் 1923-ல் பிறந்து, கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்ற எம்.டி.ராமநாதன் தன் வாழ்நாள் முழுக்க அந்த விளம்பத்திலேயே பாடினார். கச்சேரி மேடை விறுவிறுப்பை எதிர்பார்த்த காலம் அது. பொறுமையில்லாமல் எழுந்துபோனவர்கள் உண்டு. உட்கார்ந்து கேட்டவர்கள் அவரை விடவே இல்லை. 1974-ல் பத்மஸ்ரீ வந்தது, 1984-ல் காலமானார். இன்றும் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு ஸ்வரத்தை அவர் தொட்டுவிட்டு அங்கேயே நிற்கும்போது, அடுத்தது எங்கே போகும் என்று கேட்பவரின் மனமும் கூடவே நிற்கிறது. அந்த நிற்றலில் சோம்பல் துளியும் இல்லை.

"சரி, விடு"

பேச்சில் ஒருவர் நிறுத்தி அடுத்தவர் தொடங்குவதற்கு இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பத்து மொழிகளில் அளந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும், பொதுவாக அது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. கண் சிமிட்டும் நேரம். அதற்கு மேல் மௌனம் நீண்டால் ஏதோ தவறு என்று நம் காது பதறுகிறது, நாம் உள்ளே புகுந்துவிடுகிறோம். இந்தப் பதற்றத்தால் அதிகம் இழப்பவர்கள் வயதானவர்கள். வயது ஏற ஏறச் சொல் நாவுக்கு வந்து சேரத் தாமதமாகிறது. அறிவு குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, வந்து சேரும் வழி நீண்டுவிட்டது.

"நம்ம ஊர்ல ரைஸ் மில் வெச்சிருந்தாரே… அவரு பேரு… அவரு கூட…" என்று தாத்தா தொடங்குகிறார். "சண்முகமா?" என்கிறான் பேரன். "இல்லடா." "கந்தசாமியா? அப்போ பழனிச்சாமியா?" கேள்வி அடுக்கடுக்காக வர, தாத்தா தேடிக்கொண்டிருந்த பெயர் இன்னும் தூரம் போய்விடுகிறது. "சரி, விடு" என்று நிறுத்திவிடுகிறார். பேரன் உதவிதான் செய்தான். ஆனால் தாத்தா சொல்ல வந்தது மில்காரரின் பெயரை இல்லை. அவரைப் பற்றிய ஒரு கதையை. இப்படிப் பல 'சரி, விடு'களுக்குப் பிறகு பெரியவர்கள் கதை சொல்வதையே விட்டுவிடுகிறார்கள். அப்புறம், "அப்பா இப்பல்லாம் ரொம்பப் பேசறதில்ல" என்று நாமே ஊராரிடம் சொல்கிறோம். திக்கிப் பேசுபவர்களிடமும் இதையே செய்கிறோம். அவர்கள் வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள் என்பது பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லும் விதி.

2021-ல் வாட்ஸ்அப் குரல் செய்திகளை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி வந்தது. அலுவலகச் செய்திக்கு மிகவும் உபயோகம். ஆனால் ஊரிலிருந்து அம்மா அனுப்பும் குரலையும் பலர் அதே இரு மடங்கில் ஓட்டிக் கேட்கிறார்கள். "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அம்மா விடும் இடைவெளி, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவது, முட்டி வலியை மறைக்கப் பார்த்து முடியாமல் வரும் பெருமூச்சு, எல்லாம் அந்த வேகத்தில் அடிபட்டுப் போகின்றன. இரண்டு நிமிடச் செய்தியில் மிச்சமாவது ஒரு நிமிடம்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, அவர்கள் இல்லையென்றால் ஓர் அத்தைக்கோ மாமாவுக்கோ, கையில் வேறு வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் செய்யுங்கள். பேச்சு நின்றால் நிற்கட்டும், நீங்கள் நிரப்ப வேண்டாம். பெயர் வரவில்லை என்றால் நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். போன வாரம் சொன்னதையே மறுபடி சொன்னாலும் கேளுங்கள். "சரி, வெச்சுடவா?" என்று அவர்கள் கேட்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள்.